தொழில்வழிச் சிகிச்சையும் வன்னிச் சிறாரும்

தொழில் என்னுஞ் சொல் தமிழில் இரு பொருள்பட வழங்குவது. பிழைப்பின் பொருட்டு ஒருவன் மேற்கொள்ளும் உழவு, தச்சு, வாணிகம் முதலியவற்றை அது குறித்தல் உலக வழக்கு. இலக்கண நூலாரோ உண்டல், இருத்தல், நடத்தல், எழுதல் ஆகிய வினைநிகழ்ச்சிகள் யாவற்றையும் தொழில் என்றே கொண்டு, அவற்றின் பெயரைத் தொழிற்பெயர் என்றனர். வன்னிப் பெருநிலத்துக் கிராமமொன்றில் ஒரு வீட்டு முற்றத்திற் சென்று நின்று, 'தொழில்வழிச் சிகிச்சை செய்ய வந்துள்ளேன்' என ஒருவர் கூறுமிடத்து, அவ்வீட்டார் முதற்பொருளையே கொள்வர். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில் பழக்கப் போகின்றாரோ என்று அவர்கள் மயங்குதல் இயல்பே. வந்தவரோ இலக்கண நூலார் கொண்ட பொருளிலேயே அச்சொல்லை ஆளுகின்றார். உண்டல், உடுத்தல், குளித்தல், விளையாடல், எழுதல் என்பனவே பிள்ளையின் தொழில்கள். அவற்றுள் எதனைப் பிள்ளை தானாகச் செய்யமாட்டாதிருக்கின்றதோ அதனை இயன்ற அளவு செய்வித்தலும், அம்முயற்சியையே மருந்தாக அமைத்தலும் சிகிச்சையாளரின் கடன்.

இதற்கும் இயன்மருத்துவத்திற்கும் உள்ள வேற்றுமை யாது என்பது பலரும் வினவுவதொன்று. இயன்மருத்துவம் தசையையும் மூட்டையும் நோக்கிக் கை நீளுமோ, கால் மடங்குமோ என ஆராய்வது. தொழில்வழிச் சிகிச்சை, நீளும் கை சோற்றை வாய்க்குக் கொண்டு செல்லுமோ என ஆராய்வது. நூலில் இவ்வெல்லைக் கோடு தெளிவாக உண்டு. ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள ஓர் ஒழுங்கையில் அது அத்துணைத் தெளிவாக இராது. அங்குச் செல்பவர் ஒருவரே இரண்டையும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும்.

போரும் இக்கலையும் தொடர்புடையன. முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1917 இல், நியூயோர்க் மாநிலத்துக் கிளிப்டன் ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரிற் சிலர் கூடி இதற்கெனச் சங்கமொன்றை நிறுவினர். காயமுற்ற போர்வீரர் நெசவு, கூடை முடைதல், மரவேலை ஆகியவற்றால் தம் கைகளையும் மனத்தையும் மீட்டுக்கொண்டமை அத்துறைக்கு மதிப்பைத் தந்தது. 1930 இல் எலிசபெத் கசன் என்னும் வைத்தியர் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் அந்நாட்டின் முதற் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1950 இல், அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர், பம்பாயில் இந்தியாவின் முதற் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். 1952 இல் உலகச் சம்மேளனம் உருவாயிற்று. கையிழந்த வீரனுக்கென எழுந்த கலை, பிறப்பிலிருந்தே கை வழங்காத குழந்தைக்குப் பயன்பட்டமை பிற்காலத்து வளர்ச்சியாகும். குழந்தைக்கு இழந்ததை மீட்டல் என்பதில்லை. ஒருபோதும் செய்திராத தொன்றை முதன்முதலாகச் செய்ய வைத்தலே உண்டு. இவ்வேறுபாடு சிறிதன்று.

வன்னியின் இயல்பு இனி நோக்கத்தக்கது. முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பினது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 92,000 பேரே. கிளிநொச்சியும் வவுனியாவும் குடிசெறிவில் இதனின் மேம்பட்டவை எனினும், அங்கும் வீடுகள் குளங்களையும் வயல்களையும் காடுகளையும் இடையிட்டுச் சிதறிக் கிடப்பன. கொழும்பிலே பத்துப் பிள்ளைகள் ஒரே மாடிக் கட்டடத்தில் இருத்தல் கூடும். முத்தையன்கட்டிற் பத்துப் பிள்ளைகளைக் காண்பதற்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு நாள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பொழியுங்காற் செம்மண் ஒழுங்கைகள் சேறாகிவிடும். மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலைக்குப் பிள்ளையைத் தூக்கிவரும் தாய்க்கு ஒரு நாட் கூலி இழப்பு. பஸ் செலவு வேறு. ஆதலின் பிள்ளை சிகிச்சையை நாடி வருதலினும் சிகிச்சை பிள்ளையை நாடிச் செல்லுதலே இந்நிலத்திற்கு ஏற்றது.

2009 மே மாதத்தில் முடிவுற்ற போர் இம்மாவட்டங்களின் வாழ்க்கையை வேருடன் பெயர்த்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் பெரும்பாலும் முற்றாக இடம்பெயர்ந்தனர். இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கலம் புகுந்தனர். அவற்றுட் பெரியதாகிய செட்டிகுளம் மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அக்காலத்தில் உறுப்பிழந்த சிறார் பலர். சிறுவனுக்கு இடும் செயற்கைக் கால் பெரியவனுக்கு இடுவது போன்றதன்று. எலும்பு வளருந்தோறும் அதனை மாற்றுதல் வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொருமுறையும் போதாது. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையம் இப்பணியில் நெடுங்காலம் உழைத்தது. ஆயின் அன்று காயமுற்ற பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டனர். வன்னியில் இயலாமை என்றவுடன் போரை மாத்திரம் எண்ணுதல் வெளியூரார் பலரிடம் உள்ள வழக்கம். இன்றைய குழந்தைகளோ போரின் பின் பிறந்தோர். மகப்பேற்றின்போது மூச்சுத் தடைப்படல், காலத்திற்கு முந்திப் பிறத்தல், பிறந்த சின்னாட்களில் மஞ்சட் காமாலை மிகுதல், மூளைக்காய்ச்சல் என உலகெங்கும் உள்ள காரணங்களே அவர்களுக்கும் உள. மூளை முடக்குவாதம், டவுண் கூட்டறிகுறி, ஓட்டிசம் ஆகியன யுத்தம் நிகழாத ஊரிலும் காண்பனவே. போர் செய்த கேடு வேறு விதமானது. பாட்டிமார், மாமன்மார், அயலவர் என ஒரு பிள்ளையைத் தாங்கும் பல கைகளை அது குறைத்துவிட்டது.

வைத்தியசாலையை விட்டு வீட்டிற்குச் செல்லும் இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1978 இல் அல்மா ஆட்டாவில் நடைபெற்ற மாநாடு ஆரம்பச் சுகாதாரத்தை வற்புறுத்தியதன் பின்னர், உலக சுகாதார நிறுவனம் சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வு என்னுங் கொள்கையை வகுத்தது. கிராமத்தவர் ஒருவருக்குச் சிறிது பயிற்சி அளித்து, அவர்வழியே குடும்பத்திற்குக் கற்பித்தல் இதன் சாரம். இதற்கென 1989 இல் வெளிவந்த கைந்நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவர் இலங்கையரான பத்மனி மெண்டிஸ் என்னும் இயன்மருத்துவர். உலகின் வறிய நாடுகள் பலவற்றிற் பயின்ற நூலொன்றில் இத்தீவின் அநுபவமும் கலந்துளது என்பதை இங்குள்ளோர் பலர் அறியார். 1990 களிற் சமூக சேவைத் திணைக்களம் இம்முறையைத் தேசிய திட்டமாக மேற்கொண்டது.

இலங்கையில் இதற்கு நல்லதோர் அடிப்படையும் முன்பே இருந்தது. ஏறத்தாழ மூவாயிரம் மக்களுக்கு ஒருவர் என்னும் அளவில் அமர்த்தப்படும் குடும்பநல மருத்துவமாது வீடு வீடாகச் செல்பவர். ஒவ்வொரு குழந்தைக்கும் வழங்கப்படும் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறையை மாத்திரமன்றித் தலை நிற்றல், புரளல், இருத்தல் முதலிய வளர்ச்சிப் படிகளையும் பதிதல் உண்டு. எட்டாம் மாதமாகியும் தலை நில்லாத குழந்தையை முதற்கண் காண்பவர் அவரே. அவர் கண்டும், 'பொறுத்துப் பார்ப்போம்' என்று ஆறு மாதங் கடத்தின் அவ்வாறு மாதம் மீண்டு வராது. மூளை வளைந்து கொடுக்கும் ஆற்றல் முதலிரண்டு மூன்று ஆண்டுகளில் மிகுதி. ஆதலாற் சிரேட்ட சிகிச்சையாளர் ஒருவர் புதிய பிரதேசமொன்றிற்கு வந்ததும் முதலிற் செய்யத்தக்கது மருத்துவமாதரோடு நட்புக் கொள்ளுதலாகும்.

முதல் வருகையிற் கட்டளை இடுதல் தகாது. பிள்ளை எங்கே கிடத்தப்பட்டுள்ளது, யார் ஊட்டுகின்றார், கிணற்றடி எத்துணைத் தொலைவு, மலசலகூடத்திற்குப் படி எத்தனை என்பவற்றை நோக்கியிருத்தலே அந்நாளைய வேலை. மூன்று வயதாகியும் இருக்கமாட்டாத பிள்ளையொன்றை எடுத்துக்கொள்க. தாய் அதனை மடியில் மலர்த்தித் தலையைப் பின்னே சாய்த்துக் கஞ்சியை வாயில் வார்க்கின்றாள். பிள்ளை இருமுகின்றது; மார்பு கரகரக்கின்றது; மாதந்தோறும் காய்ச்சல். ஒரு வேளை உணவு ஊட்ட ஒரு மணி நேரத்திற்கு மேலாகின்றது. தலை பின்னே சாயும்போது மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். நீர்த்த கஞ்சி அவ்வழியே நுரையீரலுட் புகும். இப்பிள்ளைகளுட் பலரை நியூமோனியா கொண்டுசெல்வது இவ்வாறேயாகும். எனவே கை விரல்களையும் பென்சிலையும் பற்றிப் பேசுமுன் ஊட்டும் முறையைத் திருத்துதல் வேண்டும்.

திருத்தம் எளிது. பிள்ளையை நிமிர்த்தி இருத்துக. தலை சிறிது முன்சாய்ந்திருக்கட்டும். ஊட்டுபவள் எதிரே அதே உயரத்தில் அமர்க; மேலிருந்து ஊட்டின் பிள்ளை அண்ணாந்து நோக்கும். கஞ்சியை விடுத்து, சிகிச்சை நிலையத்திற் கிடைக்கும் திரிபோஷா மாவைக் கட்டியாகக் குழைத்தோ, சோற்றையும் பருப்பையும் மசித்தோ கொடுக்க. தட்டையான சிறு கரண்டியை நாவின் நடுவில் மெல்ல அழுத்தி, உதடு மூடும்வரை பொறுத்திருக்க. இவ்வளவே. இவற்றைச் சொல்லிச் செல்லுதல் பயனில்லை. தாயே சிகிச்சையாளர் முன் ஊட்டவேண்டும். பின்னர் அம்மம்மா ஊட்டவேண்டும். தாய் வயலுக்குப் போகும் நாளில் ஊட்டுபவள் அம்மம்மா அன்றோ?

நிமிர்த்தி இருத்துவதற்குக் கதிரை வேண்டும் என்பர். முல்லைத்தீவுக் கரையோரத்து முற்றம் முழுவதும் மணல். முழங்காலளவு ஆழத்திற் குழி தோண்டி, அதன் விளிம்பிற் சாக்கை விரித்துப் பிள்ளையை இருத்திக் கால்களைக் குழியில் விட்டால், இடுப்பும் முழங்காலும் வேண்டிய கோணத்தில் மடங்கும். பாதம் தரையில் ஊன்றும். முதுகிற்குப் பின்னே சுருட்டிய பழஞ்சேலை. செலவு ஒன்றுமில்லை, உடன்பிறந்தாரும் அயற்பிள்ளைகளும் சுற்றி அமர்ந்து சிரட்டையில் மண்சோறு சமைப்பர். அவர்கள் நீட்டும் சிரட்டையைப் பற்ற அப்பிள்ளை கையை நீட்டுதல் எவ்வகைப் பயிற்சிக்குங் குறைந்ததன்று. மழைக் காலத்திற் குழியில் நீர் நிற்கும். அப்பொழுது வீட்டின் மூலைச் சுவரிலே முதுகு பொருந்தச் செய்த மூலைக் கதிரையொன்றை ஊர்த் தச்சரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும்.

தூர நகரத்திலிருந்து அளவெடாமற் கொணர்ந்து வழங்கும் விலையுயர்ந்த கதிரைகள் இதற்கு மாறானவை. போரின் பின்னர் அவ்வாறு வழங்கப்பட்டவை பல. அவற்றுட் சில இன்று உடுப்புப் போடும் இடங்களாக உள்ளன. சக்கர நாற்காலியின் முன்னுள்ள சிறு சில்லுகள் மணலிற் புதையும். வழுவழுப்பான வைத்தியசாலைத் தரைக்கென அமைந்ததை முற்றத்திற்குக் கொடுத்துப் படம் பிடித்துச் சென்றோர் மீண்டும் வந்து பார்த்திலர். மணலுக்கு முன்பக்கம் பெரிய சில்லுடைய மூன்றுருளை நாற்காலியே ஏற்றது. கொடுப்பதற்கு முன் அளத்தலும், கொடுத்த பின் மூன்று மாதத்தில் திரும்பிச் சென்று பார்த்தலும் சிரேட்ட சிகிச்சையாளர் விட்டுக்கொடுக்கலாகாத இரு விதிகள்.

எவ்வீட்டிலும் ஒரு கேள்வி தவறாது எழும். "இவன் நடப்பானோ, மிஸ்?" என்று தாய் கேட்பாள். நடப்பான் என்று சொல்லின் அன்று அவள் முகம் மலரும். ஐந்தாண்டு கழிய அச்சொல் வஞ்சனையாகும். நடவான் என்று சொல்லின் நாளைக்கே முயற்சி நின்றுபோம். இவ்விடத்து அநுபவமும் நூலறிவும் ஒருங்கே வேண்டும். மூளை முடக்குவாதமுடைய பிள்ளை இரண்டு வயதிற்குட் பிடியின்றித் தானாக இருக்குமாயின் பெரும்பாலும் நடக்கும். நான்கு வயதாகியும் அவ்வாறு இராதாயின் தனித்து நடத்தல் அரிது. தேர்ந்த சிகிச்சையாளர் இதனை மறைக்கமாட்டார். "நடப்பது அரிது, அம்மா, ஆனால் தானாகச் சாப்பிடவும், இருந்து படிக்கவும், வேண்டியதைக் கேட்கவும் பழக்கலாம். அதில் எதை முதலிற் பழக்குவோம்?" என்பார். அத்தாய் அன்று விடை கூறாது போகலாம். அடுத்த மாதம், 'வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்; அங்கே ஒரு மணித்தியாலம் மடியிலில்லாமல் இருந்தாற் போதும்' என்பாள். சிகிச்சையின் குறிக்கோள் அன்றுதான் பிறக்கின்றது. தாயே தெரிந்த குறிக்கோளுக்கு அவள் நாடோறும் உழைப்பாள்; பிறர் எழுதிக் கொடுத்த குறிக்கோள் காகிதத்திற் கிடக்கும்.

தாயின் மனத்தில் வேறொரு சுமையும் உண்டு. கிரகணத்தில் வெளியே வந்தாள், கூடாததை உண்டாள் என்று புகுந்த வீட்டார் குறை கூறியிருப்பர். முற்பிறப்பு வினை என்று ஒருவர் முடித்திருப்பார். இவற்றொடு வாதஞ் செய்தல் வீண். மகப்பேற்று வேளையில் நிகழ்ந்ததை எளிய சொல்லில், தந்தையும் மாமியாரும் கேட்கும்படி, ஒருமுறை தெளிவாக விளக்கினாற் போதும். வினையை நம்புவோர்க்கும் முயற்சி விலக்கப்பட்டதன்று என்பதைச் சைவ மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

சிரேட்டர் என்னும் அடைமொழி சம்பளப் படியை மாத்திரங் குறிப்பதன்று. ஒரு கணக்கை நோக்குக. நாளொன்றுக்கு நான்கு வீடு, மாதத்திற்கு இருபது நாள் எனினும் எண்பது வீடுகளே ஆகும். ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு மணி நேரம் கிடைக்கின்றது. முப்பது நாள் கொண்ட மாதத்தில் மணி 720. எஞ்சிய 719 மணியும் பிள்ளை யாருடன் இருக்கின்றதோ அவரே மெய்யான சிகிச்சையாளர். புதிதாகப் பயிற்சி முடித்து வருவோர் இதனை உடனே உணர்வதில்லை. பதினான்கு பயிற்சிகளை அழகாக எழுதித் தாயிடம் கொடுப்பர். ஏனைய மூன்று பிள்ளைகளும் ஒரு தோட்டமும் மாடும் உள்ள அவள் அவற்றுள் ஒன்றையுஞ் செய்யாள். மூத்தவர் அத்தாளை வாங்கிப் பன்னிரண்டை வெட்டிவிட்டு, எஞ்சிய இரண்டையும் குளிப்பாட்டும் வேளையிலும் உடுப்பு மாற்றும் வேளையிலும் பொருத்துவார். சட்டைக்குட் கையைச் செலுத்துதலே தோளுக்குப் பயிற்சியாகிவிடும். தனி நேரம் வேண்டுவதில்லை.

யாரை முதலிற் காண்பது என்னும் தெரிவும் அவர் தலைமேலது. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையும், விழுங்க இடர்ப்படும் பிள்ளையும் முற்படுதல் முறை. அப்படியாயிற் பன்னிரண்டு வயதுவரை எவருங் காணாது அறைக்குட் கிடந்த பிள்ளை எப்பொழுதும் பின்தள்ளப்படும். இரண்டும் நியாயமே, நேரமோ ஒன்று. கிராம அலுவலரும் முன்பள்ளி ஆசிரியையும் தொண்டரும் கூடியிருக்க இம்முடிவை எடுத்துக் காரணத்தையும் எழுதிவைத்தல் நன்று. தாமே தனித்துத் தெரிந்து, பின் இராத்துயில் இழப்போர் இத்துறையில் நெடுநாள் நிலைப்பதில்லை.

இதே இடர்ப்பாட்டிற்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி கண்டுள்ளனர். தென்காசிக்கு அண்மையிலுள்ள ஆய்க்குடியில், முதுகெலும்பு முறிவால் நடமாட்டம் இழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981 இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் கிராமத்துப் பெண்களைப் பயிற்றி வீடுகளுக்கு அனுப்புகின்றது. அவர்கள் பிள்ளையின் நிலையைக் கைத்தொலைபேசியிற் பதிய, துறை வல்லுநர் அதனைப் பார்த்து வழிகாட்டுகின்றனர். வன்னிக்கும் இது பொருந்தும். ஆயின் தொண்டர் ஆறுமாதத் திட்டத்தோடு விலகிவிடாது நிலைக்க ஊதியம் வேண்டும். போரின் பின் வந்த நிறுவனங்கள் பலவற்றின் திட்டங்கள் மூன்றாண்டில் முடிந்தன. ஏழு பதிவேட்டில் ஏழு முறை தன் கதையைச் சொன்ன தாய், எட்டாவதாக வருபவரை ஐயத்தோடு நோக்குதலிற் குற்றமென்னை?

பள்ளிக்கூடம் அடுத்த வாயில். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயலாமை காரணமாகக் கல்வி நிலையத்தில் அநுமதி மறுத்தலை விலக்கியது. 2016 இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் ஏற்று உறுதி செய்தது. சட்டம் வாயிலைத் திறக்கும். வாயிலின் முன்னுள்ள இரண்டு படிகளை அது அகற்றாது. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமான சாய்தளம் வேண்டும் என்பதை அதிபருக்கு விளக்கி, பெற்றோர் சங்கத்தாரைக் கொண்டு அதனை அமைப்பிப்பதும் சிகிச்சையாளர் பணியே.

பள்ளிக்கு முந்திய படி விசயதசமியன்று ஏடு தொடக்கலாகும். குருக்களோ ஆசிரியரோ பிள்ளையின் விரலைப் பற்றிப் பரப்பிய அரிசியில் எழுதுவிக்கும் அச்சடங்கு, தொழில்வழிச் சிகிச்சை நோக்கில் மிகச் சிறந்த அமைப்புடையது. அரிசி விரலுக்கு உணர்ச்சியைத் தருகின்றது, தடை மெல்லியது, பென்சிலைப் பற்ற வேண்டுவதில்லை, பெரியவர் கை வழிநடத்துகின்றது, பிழைத்தால் ஒருமுறை தடவி மீள எழுதலாம். ஓராண்டாக வீட்டிற் சுளகில் மணலைப் பரப்பி இதனைப் பழக்கிய பிள்ளை, அன்று கோயிலில் ஏனைய பிள்ளைகளின் வரிசையிலேயே அமரும். இறுகிய கையாற் சுட்டுவிரலைத் தனித்து நீட்ட இயலாதாயின் முழுக் கையாலும் இழுக்கலாம். அகரம் கோணலாயினும் அகரமே.

பிள்ளை என்றும் பிள்ளையாயிராது. பத்து வயதில் இருபது கிலோ இருந்த பெண் பதின்மூன்று வயதில் முப்பத்தைந்து கிலோ ஆகின்றாள். தாய்க்கு முதுகு நோகின்றது. பூப்பெய்திய பின் தந்தையோ தமையனோ தூக்குதலை அவளும் விரும்பாள். இவ்வேளையில் வீட்டிற்கு வரும் சிகிச்சையாளர் விரல்களைப் பார்ப்பதில்லை. மலசலகூடத்தின் கதவகலத்தை அளக்கின்றார். பிளாத்திக்குக் கதிரையின் நடுவே துளையிட்டுக் குழியின்மேல் வைத்தற்கும், சுவரிற் கைப்பிடி பொருத்துதற்கும், கட்டிலிலிருந்து கதிரைக்குத் தூக்காமற் பலகைமீது சறுக்கி மாறுதற்கும் தாயையும் மகளையும் பழக்குகின்றார். மாதவிடாய்த் துணியைத் தானே மாற்ற அவளுக்கு ஒரு கையேனும் போதுமா என்பதைத் தனித்து இருந்து, பெண்ணுக்குப் பெண்ணாகக் கேட்டறிகின்றார். கதவு இரண்டு அங்குலம் ஒடுக்கமாயின் நிலையைப் பெயர்த்து அகலமாக்கும்படி மேசனிடம் அன்றே சொல்லிவிட்டு, அடுத்த வருகைக்கான நாளைச் சுவரிலுள்ள கலண்டரிற் குறித்துச் செல்கின்றார்.